அப்பா ஜாடை, அம்மா ஜாடை

பிப்ரவரி 11

தங்கச்சிக்கு,

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்று உனக்கே தெரியும். என் கை எப்போதும் கிரீஸும் எண்ணெயுமாக இருக்கும். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் பேசுவேன். நீ பேசுவதை நான் மட்டும் கேட்பதில்லை, நான் நிற்கிற கட்டடமே கேட்கும். இந்த விஷயத்தை இனிமேல் யாரும் கேட்க வேண்டாம். கேட்டவர்கள் வரைக்கும் போதும்.

திங்கட்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். காலையில் ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்டின் தலைமேல் உட்கார்ந்து கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மதியம் ஆபீசுக்கு வந்தால் ஒருத்தனும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாரும் குனிந்துகொண்டு சிரிக்கிறார்கள். என் அலமாரிக்கு முன்னால் ஒரு பக்கெட்டும் மக்கும். சூப்பர்வைசர் ஒரு துண்டுச் சீட்டை எடுத்து, பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு வாசிப்பது மாதிரி வாசித்தார். "நாளைக்குக் காலைல எட்டு மணிக்குக் குடல் பரிசோதனை. இன்னைக்கு மதியத்திலேர்ந்து கெட்டியா எதுவும் சாப்பிடக் கூடாது. சாயங்காலம் ரெண்டு லிட்டர் மருந்து குடிக்கணும். வயிறு சுத்தமாகிற வரைக்கும் பாத்ரூம் பக்கத்துலயே இருக்கணும்." வாசித்து முடித்துவிட்டு, "அரை நாள் லீவு போதுமா, முழு நாளா போட்டுக்கட்டுமா" என்று கேட்டார்.

இருபத்தேழு வருடமாக அந்த ஆபீசில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு போனில் அதை முடித்து வைத்தார்கள். அவர்களுக்கு ஆபீஸ் நம்பரைக் கொடுத்தது யார் என்று நான் கேட்கப் போவதில்லை.

என்னைக் கேட்காமல் எனக்கு நாள் குறிக்க நீ யார்? எனக்கு ஒரு வலி கிடையாது, ஒரு மாத்திரை கிடையாது. மூன்று வேளையும் பசிக்கிறது, படுத்தால் தூக்கம் வருகிறது. சும்மா இருக்கிற உடம்பைக் கிண்டக் கூடாது. கிண்டினால் என்ன ஆகும் என்று நம் வீட்டில் ஒரு தடவை பார்த்தாயிற்று.

இதைத் தவிர வேறு எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுது.

அண்ணன்


பிப்ரவரி 16

அன்பான அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை எங்கள் கண்ணாடிக் கடையில் வைத்துப் பிரித்துவிட்டேன். பக்கெட்டும் மக்கும் என்று படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண் பரிசோதிக்க உட்கார்ந்திருந்த அம்மாள் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். முதலாளியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். ஆக, உன்னால் எனக்கும் கொஞ்சம் மரியாதை போயிற்று. கணக்கு நேராகிவிட்டது என்று வைத்துக்கொள்.

ஆபீஸ் நம்பரைக் கொடுத்தது தப்புதான். மன்னித்துக்கொள். ஆனால் வேறு எந்த நம்பரைக் கொடுப்பேன்? தெரியாத நம்பர் வந்தால் எடுக்க மாட்டாய். தெரிந்த நம்பர் என்னுடையதாக இருந்தாலும் எடுக்க மாட்டாய்.

உன்னைக் கேட்காமல் நாள் குறித்தேன் என்கிறாய். நாலு வருடமாகக் கேட்டேன், அண்ணா. ஒவ்வொரு தடவையும் "பாக்கலாம்" என்றாய். அப்பாவுக்கு அந்தக் குடல் புற்றுநோய் இருந்தால் பிள்ளைகள் நாற்பதிலேயே பார்த்துவிட வேண்டும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். உனக்கு ஐம்பத்திரண்டு நடக்கிறது. வலி வந்த பிறகு பார்ப்பதற்குப் பெயர் வேறு.

எங்கள் கடைக்கு வருகிறவர்களும் உன்னை மாதிரிதான் பேசுவார்கள். "கண்ணாடி போட்டா பவர் ஏறிடும், அதனால போடல" என்பார்கள். கண்ணைச் சுருக்கிச் சுருக்கி நெற்றியெல்லாம் கோடு விழுந்திருக்கும். எதிர்ச்சுவரில் இருக்கிற பெரிய எழுத்தே தெரியாது. ஆனாலும் "எனக்கு எல்லாம் நல்லா தெரியுதும்மா" என்று அடித்துச் சொல்வார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் உன் ஞாபகம்தான்.

நீ பார்க்கிற வேலை என்ன? கெட்டுப்போன லிஃப்டைச் சரி செய்வதா? கெட்டுப்போவதற்கு முன்னால் போய்ப் பார்ப்பதுதானே. ஓடிக்கொண்டிருக்கிற லிஃப்டை மாதம் ஒரு தடவை நிறுத்தி, பழைய துணியைக் கயிற்றில் சுற்றிப் பிடித்து மெதுவாக ஓட விட்டு, ஒரு இழை அறுந்திருந்தாலும் துணியில் மாட்டும் என்று நீதானே எனக்குக் காட்டினாய். உள்ளே ஒரு அட்டை மாட்டி, பார்த்த தேதி, அடுத்த தேதி, கையெழுத்து என்று போடுகிறாய். ஊரில் இருக்கிற இரும்புப் பெட்டிக்கெல்லாம் அட்டை இருக்கிறது. உனக்கு எங்கே?

ஒன்றை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அண்ணி போன வாரம் போனில் அழுதார்கள். "வீட்டுச் சாவிக்கெல்லாம் பேர் எழுதி ஒட்டி வெச்சிருக்காரு. மெயின் ஸ்விட்ச் எங்க, தண்ணி மோட்டார் எப்படிப் போடறதுன்னு எனக்குக் கத்துக் குடுக்கறாரு. எதுக்குன்னா, நாளைக்கு உனக்குத் தெரியணும் இல்லங்கறாரு." புது மாதிரி லிஃப்டுக்கு இரண்டு வருடப் பயிற்சி என்று கம்பெனி கூப்பிட்டதற்கும் வேண்டாம் என்றாயாமே. நன்றாக இருக்கிறவன் செய்கிற வேலையா இது? என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாய்? எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் தங்கை


பிப்ரவரி 27

தங்கச்சிக்கு,

அண்ணியிடம் ஒரு ரகசியமும் நிற்காது. பரவாயில்லை. கேட்டுவிட்டாய், சொல்கிறேன். ஒரே தடவைதான் சொல்வேன்.

லிஃப்டைத் திறந்தால் எனக்கு மூடத் தெரியும். எந்த உறுப்பு தேய்ந்திருக்கிறதோ அதைக் கழற்றிப் புதியதை மாட்டிவிட்டு வருவேன். மனிதனைத் திறந்தால் அப்படியா? அப்பாவைத் திறந்தார்கள். மூடவும் செய்தார்கள். நாலு மாதம்தான்.

அவரைக் கூட்டிக்கொண்டு போனவன் நான். கம்பெனியில் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஊழியர்களின் அப்பா அம்மாவுக்கு இலவசப் பரிசோதனை என்று காகிதம் ஒட்டினார்கள். பெரிய ஆள் ஆகிவிட்ட பெருமையில் ஊருக்கு வந்து அவரை இழுத்தேன். அம்மா காலை ஷிப்டை விட முடியாது என்று வரவில்லை. அப்பாவும் முதலில் மறுத்தார். "எனக்கு ஒண்ணும் இல்லடா. நீ ஆசையா கூப்பிடறியேன்னு வர்றேன்" என்றார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டே வந்தார். படியேறி அவராகவே உள்ளே போனார். அந்தப் படியில் அவர் தன் காலால் இறங்கவில்லை. அன்றைக்கே படுக்கவைத்தார்கள். அடுத்த வாரம் கத்தி. கத்தி பட்டதும் பரவிவிட்டது. நன்றாக நடந்துகொண்டிருந்த மனிதர். நான் அந்தக் காகிதத்தைப் படிக்காமல் இருந்திருந்தால் இன்னும் பத்து வருடம் வேர்க்கடலை தின்றிருப்பார்.

அவர் போன அன்றைக்கு அத்தை என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அவனையே உரிச்சு வெச்சிருக்கியேடா" என்று அழுதாள். அது சும்மா சொன்ன வார்த்தை இல்லை. அதே நெற்றி, அதே முன்பல், அதே நடை. காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடியில் அவர்தான் நிற்கிறார். முகத்தைக் கொடுத்தவர் மற்றதை மட்டும் தராமல் விட்டிருப்பாரா? அவர் போனபோது அவருக்கு ஐம்பத்து மூன்று. எனக்கு வருகிற நவம்பரில் ஐம்பத்து மூன்று. இதில் பரிசோதிக்க என்ன இருக்கிறது? போய்ப் பார்த்தால் ஒரு வருடத்தை நாலு மாதமாக்குவார்கள். அந்த ஒரு வருடத்தை நான் நிம்மதியாக இருந்துவிட்டுப் போகிறேன். சாவிக்குப் பெயர் ஒட்டுவதில் யாருக்கு என்ன நஷ்டம்.

நீ அம்மா ஜாடை. அம்மா எழுபத்தாறு வரை இருந்து, தூக்கத்தில் போனாள். நீயும் அப்படி இருப்பாய். அது எனக்குப் பெரிய ஆறுதல். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

அண்ணன்


மார்ச் 5

அண்ணா,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இந்தத் தடவை எப்படி வருகிறதோ அப்படியே அனுப்பப் போகிறேன்.

நீ வந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு போவதற்கு முன்னாலேயே அவருக்கு உடம்பு சரியில்லை. ஒரு வருடத்துக்கும் மேலாக. எனக்குத் தெரியும்.

அப்போது எனக்கு இருபத்தியொன்று. நீ பயிற்சிக்குப் போய்விட்டாய். அம்மா விடியும் முன்பே மில்லுக்குக் கிளம்பிவிடுவாள். அப்பா திடீரென்று தன் துணியைத் தானே துவைக்க ஆரம்பித்தார். வயதான காலத்தில் சுத்தம் வந்துவிட்டது என்று நாம் எல்லாரும் கேலி செய்தோம், ஞாபகம் இருக்கிறதா? நீ கூட விடுமுறையில் வந்தபோது அவருக்கு என்று தனி சோப்பு வாங்கிக் கொடுத்தாய். ஒருநாள் காலையில் நான் பாத்ரூம் கதவைத் தட்டாமல் திறந்துவிட்டேன். பக்கெட் தண்ணீர் சிவப்பாக இருந்தது. அப்பா அதைத் தன் காலுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். அந்தப் பெரிய மனிதர் ஒரு பக்கெட்டை மறைக்க முடியாமல் நின்றார்.

"மூலம்தான்மா. சூடு. அண்ணன்கிட்ட சொல்லிடாத, தூக்கிக்கிட்டு ஓடுவான். அம்மாகிட்டயும் வேண்டாம்" என்றார். என் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். எனக்கு வெட்கம். அதைப் பற்றி அப்பாவிடம் எப்படிப் பேசுவது? மூலம் என்றால் மூலம்தான் என்று நம்பினேன். நம்புவது சுலபமாகவும் இருந்தது. அதற்குப் பிறகு அவர் மெலிந்ததும் எனக்குத் தெரியும். பெல்ட்டில் இரண்டு புது ஓட்டை போட்டார், ஆணியைச் சுட்டு நான்தான் போட்டுக் கொடுத்தேன். அப்போதும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

நீ அவரை நன்றாக நடந்துகொண்டிருந்தவர் என்று எழுதியிருக்கிறாய். இல்லை, அண்ணா. நடந்து காட்டிக்கொண்டிருந்தார். பரிசோதனை அவரைக் கொல்லவில்லை. கத்தி பட்டுப் பரவவும் இல்லை. திறந்தபோதே எல்லா இடத்திலும் இருந்தது என்று டாக்டர் சொன்னார், நீ அப்போது ரத்தம் கொடுக்கப் போயிருந்தாய். அந்த ஒரு வருடத்தில் யாராவது அவரை இழுத்துக்கொண்டு போயிருந்தால் ஒருவேளை இருந்திருப்பார். நீ தெரிந்திருந்தால் இழுத்திருப்பாய். நான் தெரிந்தும் பேசாமல் இருந்தேன்.

"நான்தான் கூட்டிக்கிட்டுப் போனேன்" என்று நீ சொல்லும்போதெல்லாம், "விடு அண்ணா" என்று மட்டும் சொல்லி வந்திருக்கிறேன். இருபத்தாறு வருடமாக அந்தப் பாரத்தை உன் தலையில் வைத்துவிட்டு நான் கையை வீசிக்கொண்டு நடந்தேன். சொன்னால் என் முகத்தில் விழிக்க மாட்டாயே என்ற பயம்தான். இப்போது அந்தப் பயத்தைவிட நவம்பர் மாதம் பெரிய பயமாக இருக்கிறது. அதனால் சொல்லிவிட்டேன்.

தங்கை


மார்ச் 24

அண்ணா,

மூன்று வாரம் ஆகிறது. அண்ணி போனை எடுத்தால், "நல்லா இருக்காரு, வேலைக்குப் போயிருக்காரு" என்று மட்டும் சொல்கிறார்கள். அண்ணிக்கே இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேச்சு வரவில்லை என்றால் வீட்டில் என்ன நிலைமை என்று எனக்குத் தெரிகிறது.

திட்டியாவது எழுது.


ஏப்ரல் 3

தங்கச்சிக்கு,

திட்டி இரண்டு கடிதம் எழுதினேன். அனுப்பவில்லை. அதில் இருந்த வார்த்தைகளை நீ படிக்க வேண்டாம்.

முதல் பத்து நாள் உன்மேல் அவ்வளவு கோபம். சாப்பிட உட்கார்ந்தால் பெல்ட் ஓட்டை ஞாபகம் வரும், எழுந்துவிடுவேன். அப்புறம் ஒருநாள் வேலைக்கு நடுவில் ஒன்று தோன்றியது. இருபத்தியொரு வயதுப் பெண்ணிடம் ஒரு மனிதர் தன் உயிரைக் கொடுத்து, ஒளித்து வை என்று சொன்னால் அவள் என்ன செய்வாள்? தப்பு அப்பாவுடையது. அவரும் பயந்தார். எனக்குப் பயந்தார், நான் இழுத்துக்கொண்டு ஓடுவேன் என்று. கடைசியில் ஓடத்தான் செய்தேன், அதுவும் காலம் கடந்து. அதை நினைத்ததும் அந்த லிஃப்ட் குழியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கூட வேலை பார்க்கிறவன் மேலிருந்து, "அண்ணே, மயக்கமா" என்று கத்தினான். இல்லை, ரொம்ப வருடத்துக்கு அப்புறம் இப்போதுதான் தெளிந்திருக்கிறது என்று அவனிடம் எப்படிச் சொல்வது.

அவரை நான் கொல்லவில்லை. இந்த வரியை எழுதிவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்துவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை, ஆபீசிலும் சொல்லவில்லை. அண்ணிக்கு மட்டும் நாள் குறித்தபோதே தெரியும். அதனால்தான் அவளுக்குப் போனில் பேச்சு வரவில்லை, பாவம், வாயைக் கட்டிப்போட்டிருந்தேன்.

அந்த இரண்டு லிட்டர் மருந்தைப் பற்றி யாரும் எனக்குச் சரியாகச் சொல்லவில்லை. உப்புக் கரித்த சோப்புத் தண்ணீர் மாதிரி இருந்தது. நாலாவது டம்ளரில் உன்னை நினைத்துக்கொண்டேன், நல்ல விதமாக இல்லை. பரிசோதனை ஒன்றுமே இல்லை. ஒரு ஊசி போட்டார்கள். பத்திலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னார்கள். ஏழு வரை எண்ணினது ஞாபகம் இருக்கிறது. கண்ணைத் திறந்தால் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் வந்தார். சின்ன வயசுப் பெண், நம் வீட்டுப் பிள்ளைகளைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். "ஒண்ணுமே இல்லைங்க. சுத்தமா இருக்கு. அஞ்சு வருஷம் கழிச்சு வாங்க" என்றது. நான் நம்பவில்லை. "சரியா பார்த்தீங்களா? நான் எங்க அப்பா மாதிரியே இருப்பேன்" என்றேன். போட்டோவை எடுத்துக் காட்டியது. முழுக்க ரோஜா நிறத்தில், கழுவிவிட்ட குழாய் மாதிரி. வெளியே வந்து வண்டி நிறுத்துகிற இடத்தில் நின்று அழுதேன். அண்ணி பயந்துபோய், "ஒண்ணும் இல்லன்னுதானே சொன்னாங்க" என்றாள். அதற்குத்தான் அழுதேன்.

கிளம்பும்போது அந்த டாக்டர் கேட்டது: "கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களா? அவங்க பார்த்துட்டாங்களா?" நான், "ஒரு தங்கச்சி இருக்கு. அதுக்கு வேண்டாம், அது அம்மா ஜாடை" என்றேன். அது சிரித்துவிட்டது. "குடலுக்கு ஜாடை எல்லாம் தெரியாதுங்க" என்றது.

அதனால் நீயும் போ.

அண்ணன்


ஏப்ரல் 10

என் அண்ணாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கடையின் பின்னறையில் போய், கண்ணாடிப் பெட்டிகள் அடுக்கியிருக்கிற மூலையில் நின்று அழுதேன். முதலாளியம்மா என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்கள். "எங்க அண்ணனுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றேன். "ஒண்ணும் இல்லன்னா ஏன்டி அழற" என்று கேட்டார்கள். அண்ணியும் நீயும் பட்ட பாடுதான் இங்கேயும்.

நீ என்னைத் திட்டாமல் விட்டது திட்டினதைவிட அதிகமாக உறைக்கிறது. ஆனால் படுத்ததும் தூங்கிவிட்டேன். இப்படித் தூங்கி எத்தனை வருடம் ஆயிற்றோ தெரியவில்லை.

சாவியில் ஒட்டின காகிதத்தை எல்லாம் முதலில் கிழித்துப் போடு. அந்தப் பயிற்சி விஷயத்தையும் திரும்பக் கேள்.

என்னைப் பற்றி எழுதியிருந்தாய். எனக்கு எதற்கு, அண்ணா? எனக்கு ஒரு வலி கிடையாது, ஒரு மாத்திரை கிடையாது. கடையில் இப்போது ஆளும் குறைவு, இரண்டு நாள் விடுமுறை கேட்க முடியாது. அந்த டாக்டர் பெண் பொதுவாகச் சொல்லியிருப்பாள், எல்லாரிடமும் சொல்கிறதுதான். எனக்கு எல்லாமே அம்மாவைக் கொண்டுதான் வந்திருக்கிறது. அதே முட்டிவலி, அதே நரை. நன்றாக இருக்கிறதை எதற்குக் கிண்டுவது? அடுத்த வருடம் பார்க்கலாம்.

மகிழ்ச்சியான தங்கை


ஏப்ரல் 15

தங்கச்சிக்கு,

"எனக்கு ஒரு வலி கிடையாது, ஒரு மாத்திரை கிடையாது." இது நான் பிப்ரவரியில் எழுதியது. என் கடிதத்தை வைத்திருந்தால் எடுத்துப் பார். ஒரு எழுத்துகூட மாறவில்லை. "கிண்டுவது" என்பதும் என்னுடையதுதான். "பார்க்கலாம்" என்பதை நாலு வருடம் நான் சொன்னதாக நீயே எழுதினாய். என்னிடமிருந்து மூன்றையும் வாங்கிக்கொண்டு நீ வைத்துக்கொண்டாய் போலிருக்கிறது.

எதிர்ச்சுவரில் இருக்கிற பெரிய எழுத்து உனக்குத் தெரிகிறதா?

உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டாம் தேதிக்கு எழுதி வைத்திருக்கிறேன். மாப்பிள்ளையிடம் பேசிவிட்டேன், அவரும் சரி என்றார். தொடர்புக்கு நம்பர் கேட்டார்கள். கண்ணாடிக் கடை நம்பரைக் கொடுத்திருக்கிறேன்.

அண்ணன்


மே 4

அண்ணா,

அவர்கள் போன் செய்ததை நீ பார்த்திருக்க வேண்டும். முதலாளியம்மாவுக்குக் காது மந்தம். கடையில் ஆறு பேர் இருந்தார்கள். ஒவ்வொரு வார்த்தையையும் அவர்கள் திருப்பிச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்கள், கடை அதிர. "என்ன, வயிறா? சுத்தமாகிற வரைக்குமா?" கண்ணாடி போட்டால் பவர் ஏறும் என்று மூன்று வருடமாக வாதாடுகிற ஒரு பெரியவர், "நீங்க முதல்ல போய்ட்டு வாங்கம்மா, அப்புறம் நான் என் கண்ணைக் காட்டறேன்" என்றார். உன் பழி தீர்ந்தது. மனசு குளிர்ந்ததா?

நீ சொல்லாமல் கொள்ளாமல் அன்றைக்குக் காலையில் வந்து நின்றது நான் எதிர்பார்க்காத ஒன்று. மயக்கம் தெளிந்து கதவு வழியாகப் பார்க்கும்போது, டாக்டர் வெளியே வந்ததும் உன் மாப்பிள்ளைக்கு முன்னால் நீ எழுந்து நின்றாய். கையில் வேர்க்கடலைப் பொட்டலம். உன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மூன்று கட்டி, சின்னச் சதை வளர்ச்சி. உள்ளே பார்க்கும்போதே மூன்றையும் எடுத்துவிட்டோம், பெரியதைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். நீ பொட்டலத்தை என் மடியில் வைத்துவிட்டுப் பஸ் ஏறப் போனாய்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள். அந்தப் பன்னிரண்டு நாளில் நான் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டுச் சாவிகளை எடுத்து எது எதற்கு என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னைக் கேலி செய்ததற்கு நன்றாக அனுபவித்தேன். கண்ணாடி முன்னால் நின்று நின்று பார்த்தேன். அம்மா முகம்தான், அப்படியே. அந்த முகத்தை நம்பி நாற்பத்தெட்டு வயதுவரை ஒரு நிமிஷம்கூட நான் பயப்படவில்லை. நீ உன் முகத்தைப் பார்த்து இருபத்தாறு வருடம் பயந்தாய். இரண்டு பேரும் கண்ணாடியைப் பார்த்தே காலத்தைத் தள்ளியிருக்கிறோம். அதில் நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன் வேறு.

இன்று காலை முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. பெரியதை அப்படியே விட்டிருந்தால் நாலைந்து வருடத்தில் அப்படி மாறக்கூடிய வகை என்றார் டாக்டர். "எந்தத் தொந்தரவும் இல்லாமலே வந்தீங்களா? யார் சொல்லி வந்தீங்க?" என்று கேட்டார். எங்க அண்ணன் என்றேன். "நல்ல வேளை, இழுத்துக்கிட்டு வந்திருக்கார்" என்றார். ஆமாம், எங்க அண்ணன் அப்படித்தான், எல்லாரையும் இழுத்துக்கொண்டு ஓடுவார் என்றேன்.

அப்பாவுக்குக் கிடைக்காத அந்த ஒரு வருடம் எனக்குக் கிடைத்துவிட்டது, அண்ணா. நீதான் கொடுத்தாய். இனிமேல் எந்த நாளிலும் "நான்தான் கூட்டிக்கிட்டுப் போனேன்" என்று சொல்ல வேண்டுமானால், என்னைப் பற்றிச் சொல்.

தங்கை


மே 11

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை அண்ணி இரண்டு தடவை உரக்கப் படித்தாள். மூன்றாவது தடவை நான் படித்தேன், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு.

இதோடு ஒரு அட்டை வருகிறது. எங்கள் ஆபீசில் லிஃப்டுக்குள் மாட்டுகிற அட்டைதான், சூப்பர்வைசரிடம் கேட்டு இரண்டு வாங்கினேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். பக்கெட் வைத்துச் சிரித்த மனிதர், "எங்க அம்மாவுக்கும் அதான்யா" என்றார். அந்த டாக்டரின் நம்பரை எழுதி வாங்கிக்கொண்டார்.

உன் அட்டையில் பார்த்த தேதி எழுதி, அடுத்தது மூன்று வருடம் கழித்து என்று போட்டு, நான் கையெழுத்து போட்டிருக்கிறேன். குறைகள் என்கிற இடத்தில் "மூன்று, நீக்கப்பட்டது" என்று எழுதியிருக்கிறேன். பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டு. என்னுடையதை நீ நிரப்பி அனுப்பு. பார்க்கிறவரே தனக்குக் கையெழுத்து போட்டுக்கொள்ளக் கூடாது, அது எங்கள் வேலையில் சட்டம்.

பயிற்சிக்குத் திரும்பக் கேட்டேன். ஜூலையில் சேரச் சொல்லிவிட்டார்கள். வகுப்பில் நான்தான் கிழவன். சாவிகளில் ஒட்டின காகிதத்தை அண்ணி ஊறவைத்துச் சுரண்டி எடுத்துவிட்டாள். இப்போது எந்தச் சாவி எதற்கு என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை, பின்வாசல் கதவைத் திறக்க நேற்று முக்கால் மணி நேரம் ஆயிற்று.

ஒரு சங்கடம் இருக்கிறது, உன்னிடம்தான் சொல்ல முடியும். நவம்பர் வரைக்கும் என்ன செய்வது என்று எல்லாம் ஒழுங்காக யோசித்து வைத்திருந்தேன். ஐம்பத்து மூன்றுக்கு அப்புறம் என்ன செய்வது என்று இதுவரை ஒரு நாளும் யோசித்ததில்லை. உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது. போனிலும் சொல்லலாம், ஸ்பீக்கரில் இருந்தாலும் பரவாயில்லை.

அண்ணன்